பேராதனைப் பூங்காவும் போர்க்காலச் சொற்களும்

போரானது நாடுகளின் எல்லைகளை மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. மக்கள் நாவிற் பயிலும் சொற்களையும் மாற்றிவிடுகின்றது. 1939 செப்டெம்பர் முதல் 1945 செப்டெம்பர் வரை ஆறாண்டுகள் நிகழ்ந்த இரண்டாம் உலகப் போர், நமது பேச்சிலே விட்டுச்சென்ற சொற்கள் பல. அவற்றுட் சிலவற்றை எடுத்து ஆராய்ந்தால், மொழியோடு கண்டி வட்டாரத்தின் வரலாற்றையும் மாணவர் ஒருங்கே கற்றவராவர்.

முதலிற் போரிட்ட தரப்பினரின் பெயர்களை நோக்குவோம். 1936 நவம்பரில் இத்தாலியின் முசோலினி, பேர்லினுக்கும் உரோமாபுரிக்கும் ஏற்பட்ட உறவை ஓர் அச்சுக்கு ஒப்பிட்டுப் பேசினார். வண்டிச் சக்கரத்தின் அச்சை அறிந்த தமிழர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கிற்று. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகியன 'அச்சு நாடுகள்' ஆயின. அவற்றை எதிர்த்து நின்றவை 'நேச நாடுகள்' எனப்பட்டன. ஒரு தரப்புக்கு இயந்திரப் பெயரும் மறுதரப்புக்கு அன்பின் பெயரும் வாய்த்தமை கவனிக்கத்தக்கது. சொல்லானது பொருளை மட்டுமன்றிச் சொன்னவர் நின்ற பக்கத்தையும் காட்டிவிடும்.

அடுத்தது 'இருட்டடிப்பு'. இச்சொல்லின் பொருள் யாதென வகுப்பிலே வினவினால், பத்திரிகைகள் ஒரு செய்தியை மறைத்தல் என்றே மாணவர் விடை பகர்வர். அது பின்னர் வந்த பொருளாகும். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. வானிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஊர் புலப்படாதவாறு இரவிலே விளக்கொளியை மறைத்தலே அன்றைய இருட்டடிப்பு. பகைவனிடமிருந்து மக்களைக் காத்தற்கு எழுந்த சொல், இன்று மக்களிடமிருந்து உண்மையை மறைத்தலைக் குறிக்கின்றது.

மூன்றாவது 'கூப்பன்'. இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தே வந்தது. 1942இல் பர்மாவும் ஜப்பானியர் வசமாகவே அரிசிக் கப்பல்கள் நின்றன. ஆகவே அரசாங்கம் பங்கீட்டு முறையை ஏற்படுத்திற்று. அக்காலத்திற் பெருகிய கூட்டுறவுப் பண்டசாலைகளைச் 'சங்கக்கடை' என மக்கள் அழைத்தனர். போர் முடிந்து முப்பதாண்டுகள் கடந்த பின்னரும், 1970களின் இறுதிவரை, கூப்பன் அரிசி நமது அடுக்களையில் இடம்பெற்றிருந்தது. அச்சொல்லைக் கேட்டவுடன் வரிசையிற் கால்கடுக்க நின்றமை இன்றும் மூத்தோர் பலருக்கு நினைவில் எழும்.

இனி, உலகெங்கும் வழங்கும் ஒரு சொல்லுக்கும் நமது கண்டிக்கும் உள்ள தொடர்பைக் கூறுவோம். 'தென்கிழக்காசியா' என்னும் பெயர் போருக்கு முன்னர் அறிஞர் சிலரிடையே வழங்கியதாயினும், அதனை உலகறியச் செய்தது 1943இல் நேச நாடுகள் அமைத்த தென்கிழக்காசியப் படைத் தலைமையகமேயாகும். அதன் தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு. புதுடில்லியில் இயங்கிய அத்தலைமையகம் 1944 ஏப்ரலிற் கண்டிக்கு வந்தது. நாம் விடுமுறை நாட்களிற் குடும்பத்தோடு சென்று காணும் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலேதான் அதன் அலுவலகங்கள் அமைந்தன. மகாவலி சூழ்ந்த அந்நிழல் மரங்களினிடையே பர்மாவை மீட்கும் திட்டங்கள் ஆராயப்பட்டன. அன்று இலங்கையும் அப்படைத் தலைமையின் எல்லைக்குள் அடங்கியது. இன்றோ நமது நாடு தெற்காசியாவைச் சேர்ந்ததாகவே எண்ணப்படுகின்றது. ஒரு சொல்லைப் பரப்பிய நகரே அச்சொல்லின் எல்லைக்கு வெளியே நிற்பது புதுமையன்றோ!

இவையெல்லாம் நூல்களிற் காணத்தக்கன. ஆயின் நூல்கள் அதிகம் பேசாத சொல்லொன்றும் உண்டு. அது 'பால் வெட்டு'. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் பறிபோனபோது உலக இயற்கை இறப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை நேச நாடுகள் இழந்தன. எஞ்சிய சிறு பங்குக்கு இலங்கையே முதன்மையான இடமாயிற்று. போர் வண்டிகளின் சக்கரங்களுக்கும் விமானங்களுக்கும் இறப்பர் இன்றியமையாதது. மரங்கள் பட்டுப்போனாலும் பாதகமில்லையென அளவுக்கு மிஞ்சிப் பால் வெட்டப்பட்டது. அதிகாலையில் எழுந்து கத்தியும் வாளியுமாகச் சென்று அப்பாலைச் சேர்த்தவருட் பெருந்தொகையினர் தோட்டத் தமிழ்த் தொழிலாளரே.

அவர்க்குக் கிடைத்தது யாது? போர் முடிந்து மூன்றாண்டுகளில், 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அதனால் 'நாடற்றவர்' என்பதும் நமது பேச்சில் ஒரு சொல்லாயிற்று. அக்குறையை முற்றாக நீக்க முனைந்த சட்டம் 2003இலேயே வந்தது. கண்டியை அடுத்துள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எனச் சுமார் 200 பேர் துயில்கின்றனர். அங்கே வரிசையாய் நிற்கும் கற்களிற் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. படைவீரர்க்கு அச்சிறப்பு முற்றிலும் தகும். பால் வெட்டியவர்க்கோ கல்லில்லை, பெயருமில்லை.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. 1942ஆம் ஆண்டைக் கண்ணாற் கண்டோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்த முதியோர். நம் இல்லங்களிலும் தோட்டங்களிலும் அத்தகையோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்பாற் சென்று, கூப்பனையும் பால் வெட்டையும் பற்றி வினவி, அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னவாறே ஏட்டில் எழுதிவைப்பீராக. பரீட்சைக்கு அது பயன்படாமற் போகலாம்; ஆயினும், பின்னர் ஒருகால் இம்மலைநாட்டின் போர்க்கால வரலாற்றை முழுமையாக எழுத முற்படுவோர்க்கு அந்த ஏடுகளன்றி வேறு சான்று கிடைத்தல் அரிது.