பள்ளி மணி அடிக்காத நாட்களும் இரவில் கடிபட்ட பற்களும்

தாடைத் தசைகள் தேவையின்றி இறுகி, மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று உரசுவதையும் அழுந்துவதையும் பல் மருத்துவம் ‘ப்ரக்ஸிசம்’ என்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் பல்லை நறநறவென்று கடிப்பதாகச் சொல்லப்படும் இது, வயிற்றில் பூச்சி இருப்பதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டுப் பூச்சி மருந்தோடு முடித்துவைக்கப்படுவது வழக்கம். குடற்புழுவுக்கும் பற்கடிப்புக்கும் உறவு தேடிய ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மாத்திரை தன்னளவில் நல்லதே என்றாலும், அதை விழுங்கிய பிறகும் உறக்கத்தில் எழும் சத்தம் நிற்காவிட்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

உறக்கத்தினிடையே மூளை சில நொடிகள் மட்டும் விழிப்பை நோக்கி மேலெழுந்து மீண்டும் அமிழ்வதைச் ‘சிறுவிழிப்பு’ எனலாம். அப்போது இதயத்துடிப்பு சற்றே விரைய, அதைத் தொடர்ந்து தாடைத் தசை தாளகதியில் சுருங்குகிறது. எனவே மூக்கடைப்பு, மனக்கலக்கம், நேரங்கெட்ட படுக்கை என உறக்கத்தைத் துண்டாக்கும் எதுவும் பற்கடிப்புக்கு இடங்கொடுக்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தின் நாளொழுங்கு முக்கியமாகிறது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. அதாவது, ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை மூன்றாம் வகுப்பில்தான் மீண்டும் பெஞ்சில் உட்கார்ந்தது. காமாட்சியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பிப் பூவும் எலுமிச்சையும் விற்கும் குடும்பங்களும், போரூருக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களும் கலந்து வாழும் மாங்காடு போன்ற சென்னைப் புறநகரில், வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன் என்ற நிலையில், பகலில் அப்பாவோடு வெளியே போன போன் இரவில் திரும்பிய பிறகே பாடம் தொடங்க வேண்டியிருந்தது. குறித்த நேரத்தில் பாடம் ஒளிபரப்பிய கல்வித் தொலைக்காட்சியிடம் இருந்த ஒழுங்கு, எந்நேரமும் திறக்கக்கூடிய போனிடம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தேவைப்படும் உறக்கத்தின் வாசலில், மெலட்டோனின் என்ற உறக்கச் சுரப்பைத் தள்ளிப்போடும் திரை வெளிச்சம் வந்து உட்கார்ந்தது.

ஆனால், இதனால் பற்கடிப்பு பெருகியது என்று அடித்துச் சொல்லத் தயங்கவே வேண்டும். இஸ்ரேலிலும் போலந்திலும் 2020இல் பற்கடிப்பு குறித்து நடந்த ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. பற்கடிப்பு கூடியிருப்பதாக 2021இல் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் தெரிவித்த அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்போ அவர்கள் தத்தம் கிளினிக்கில் கண்டதைச் சார்ந்தது. பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் பெற்றோரின் காதை நம்பியது. ஆய்வாளர்கள் பற்கடிப்பை மூன்று படிகளாக வகுத்து, வாய்மொழியாகத் தெரியவருவதை ‘இருக்கலாம்’ என்றும், மருத்துவர் தேய்மானத்தைப் பார்த்ததை ‘பெரும்பாலும் இருக்கும்’ என்றும், தசை மின்னலைக் கருவி பதிந்ததை மட்டுமே ‘உறுதி’ என்றும் கொள்கின்றனர். குழந்தைகளில் இதன் அளவு 3.5 முதல் 40.6 விழுக்காடு வரை என 2013ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு காட்டிய விரிந்த இடைவெளியே இந்தக் காதுக்கணக்கின் தளர்வைச் சொல்லும். அதுவரை இரவு ஷிப்டில் இருந்த ஒரு தந்தை ஊரடங்கில் ஒரே அறையில் பிள்ளையருகே படுக்க நேர்ந்தபோது, கூடியது கடிப்பா, அதைக் கேட்ட காதுகளா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

அந்த மாதங்களில் அவசரமற்ற பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் கூறியதால், இரண்டாம் படிக்குரிய பரிசோதனையும் பலருக்கு வாய்க்கவில்லை. வளரும் தாடைக்குப் பற்காப்புத் தகடு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. வயது ஏற ஏறப் பெரும்பாலும் பழக்கம் தானே குறைகிறது. உதிரப்போகும் பால்பல்லின் தேய்மானத்தைவிட, ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிலைத்த கடைவாய்ப்பல்லின் தேய்மானமே கவனிக்கத்தக்கது. 2020இல் ஒன்றாம் வகுப்பிலிருந்த பிள்ளைகள் பலருக்கு அந்தப் பல் முளைத்ததும் பள்ளி மூடிக்கிடந்த அதே காலத்தில்தான்.

(தொடரும்)