தொடாத இறைச்சியும் மூளைக்குள் ஒரு கட்டியும்

கல்முனையில் எனது ராத்தாவின் மகனுக்குத் திடீரென வலிப்பு வந்தது. ஸ்கேன் பார்த்த வைத்தியர், மூளையில் சிறியதொரு புழுக்கட்டி இருப்பதாகவும், அது பன்றியோடு தொடர்புடைய நாடாப்புழுவினால் வருவதாகவும் சொன்னார். ராத்தா இடிந்துபோனார். "நாம ஹராமானதத் தொடுற ஆக்களா தம்பி? ஊர் என்ன சொல்லும்? புள்ளட மண்டையத் திறக்கணுமா?" என்று அழுதார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவருக்கு வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளைக்கட்டி வரும் வழி வேறு. அப்புழுவைச் சுமப்பவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, அசுத்தமான நீர், கழுவாத பச்சைக் கீரை வழியாக அவை எவர் வயிற்றுக்குள்ளும் போகலாம். அங்கு வெளிவரும் இளம்புழு இரத்தத்தோடு மூளையை அடைந்து நீர்ப்பையாகத் தங்குகிறது. அது சாகும்போது சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு வரும்.

1992இல் நியூயோர்க்கில் பன்றியைத் தொடாத வைதீக யூதர்கள் நால்வருக்கு இந்நோய் இருந்ததாக வைத்தியர்கள் அறிக்கையிட்டனர். அவ்வீடுகளின் பணிப்பெண்களைச் சோதித்தபோது ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. புழுவைச் சுமப்பவருக்கே பெரும்பாலும் அது தெரியாது.

இனிக் கத்தியின் கதை. முன்பு இந்தியாவில் இத்தகைய சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டிகள் என்றே கருதினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மெத்யு சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய நிபுணர்கள் அவற்றை வெட்டியெடுத்து ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை செத்துக்கொண்டிருக்கும் புழுக்கட்டிகள் எனக் கண்டனர். 1980களின் இறுதியில் வெளிவந்த அந்த முடிவு பலரை மண்டைத் திறப்பிலிருந்து காப்பாற்றியது. 20 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஒற்றைக் கட்டியாக இருந்து, மூளைக்குள் அழுத்தமும் கூடாவிட்டால், பெரும்பாலும் அது தானே சுருங்கிவிடும். வலிப்புக்கான மருந்தும் மீண்டுமொரு ஸ்கேனுமே முக்கியம்.

ஆனால் மூளையின் நீரறைக்குள் கட்டி அடைத்துக்கொண்டால் சத்திரசிகிச்சை தேவைப்படும். சிறு துளை வழியே கமெராக் குழாயை விட்டு அதை எடுப்பார்கள். அல்லது தேங்கும் நீரைக் குழாய் மூலம் வயிற்றுக்குள் வடிப்பார்கள். பார்மசியில் பூச்சி மருந்தை நாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. புழு ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் கூடும். வீக்கம் தணிக்கும் மருந்தோடு, வைத்தியரின் கண்காணிப்பிலேயே அதைக் கொடுக்க வேண்டும்.

மருமகனுக்குக் கத்தி தேவைப்படவில்லை. மாத்திரையோடு பள்ளிக்கூடம் போகிறான். ஹலாலைப் பேணும் நாம் கை கழுவுவதையும் அதே கண்டிப்போடு பேண வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையின் வீட்டைப் பார்த்து ஊர் பேசுவதை, அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.