படர்தாமரை என்று நினைத்தோம்: தழும்பு விட்டுச் செல்லும் டிஸ்காய்டு லூபஸ்

கன்னத்தில் காசு அளவில் ஒரு சிவப்புப் படை வருகிறது. படர்தாமரையாக இருக்கும் என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சில நாட்களில் மங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். இப்படியே மாதங்கள் ஓடிய பிறகு பார்த்தால் நடுவில் தோல் வெளுத்துக் குழிந்திருக்கும், ஓரம் கறுத்திருக்கும். அப்போது மருத்துவரிடம் போனால் நோயை அடக்கலாம். விழுந்த தழும்பை முழுமையாகப் போக்க முடியாது.

இந்த நோயின் பெயர் டிஸ்காய்டு லூபஸ். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். பிரெஞ்சு மருத்துவர் கசனாவ் 1851இல் இதற்கு லூபஸ் எரிதமடோசஸ் என்று பெயரிட்டார். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்பு அணுக்கள் சொந்தத் தோலையே தாக்குவதுதான் இது. 20 முதல் 40 வயதுக்குள், பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. இது தொற்றாது, தொழுநோயும் அல்ல, வெண்குஷ்டமும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம். நிக்காஹ் பேசும்போது இதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளதைச் சொல்லி, தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நல்லது என்பது நம் கருத்து.

வழக்கமாக வரும் இடங்கள் முகம், தலை, காது. ஒளூவில் காதை மஸஹ் செய்யும்போது விரல் படும் அந்தக் குழிதான் இந்நோய்க்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. அங்கே சொரசொரப்பும் கறுப்புப் புள்ளிகளும் தென்பட்டால் அழுக்கு என்று தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் வந்தால் முடியின் வேரே அழிந்து நிரந்தர வழுக்கை விழும். நம் பெண்கள் தலையை மூடியிருப்பதால் வீட்டாருக்கே இது தெரியாமல் போகலாம். பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

சிலருக்கு இது வேறு உருவத்தில் வந்து மருத்துவரையே குழப்பும். கையில் மரு போலத் தடித்து வரும். கீழ் உதட்டில் வெடிப்பும் புண்ணுமாக, கண் இமையில் ஆறாத அழற்சியாக, முகத்தில் பருக்களைப் போல வருவதும் உண்டு. தோலுக்கு அடியில் கட்டியாக வந்து, வற்றிய பின் பள்ளத்தை விட்டுச் செல்லும் ஒரு வகை இருக்கிறது. குளிரில் விரல்கள் ஊதா நிறமாகி வீங்கிப் புண்ணாகும் இன்னொரு வகையைக் குளிர் நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது.

பிரிட்டிஷ் பாடகர் சீல் என்பவரின் கன்னத் தழும்புகளை ஆப்பிரிக்கப் பழங்குடிச் சடங்கின் அடையாளம் என்று பலர் நினைத்தார்கள். அவை இந்த நோயால் வந்தவை.

சந்தேகம் வந்தால் தோலில் சில மில்லிமீட்டர் அளவு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி செய்வார்கள். இதற்கு அஞ்ச வேண்டாம். பயாப்ஸி எடுத்த இடத்தில் தையலும் கட்டும் இருக்கும்வரை, தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், ஒளூவில் கட்டின் மீது மஸஹ் செய்யலாம். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் தோலில் இந்நோய் இருக்கலாம். பெரும்பாலோருக்கு இது தோலோடு நின்றுவிடும். சிலருக்கு மூட்டு, சிறுநீரகம் என்று உள்ளுறுப்புகளைத் தொடும். கழுத்துக்குக் கீழும் படைகள் இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். அதனால்தான் ரத்தமும் சிறுநீரும் அவ்வப்போது பார்க்கிறார்கள்.

சிகிச்சையில் முதலாவது வெயிலைத் தவிர்ப்பது. நம் தொழுகைத் தொப்பி முகத்துக்கு நிழல் தராது. குடையோ அகல விளிம்புத் தொப்பியோ வேண்டும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெளியே இருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை பூச வேண்டும். வெயில் படாதவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, மருத்துவர் தரும் வீரியமான களிம்பு. தடித்த இடங்களில் ஊசி. இவை போதாதபோது ஹைட்ராக்சி குளோரோகுவின் மாத்திரை. மலேரியா மருந்துக்கும் லூபஸுக்கும் பழைய உறவு உண்டு. லண்டன் மருத்துவர் பெய்ன் 1894லேயே இந்நோய்க்குக் குயினைன் கொடுத்தார். இன்றைய மாத்திரை பலன் தர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டுப் பயனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுப்பார்கள். கண்ணின் விழித்திரையைத் தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வருடந்தோறும் பரிசோதிக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு நோயும் கடுமையாகிறது, மருந்தும் சரியாக வேலை செய்வதில்லை. பீடியை விடச் சொல்ல இது ஒன்றே போதாதா?

இதற்கும் அடங்காதபோது மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெட்டின், தாலிடோமைடு போன்றவை உண்டு. இவை கருவைப் பாதிக்கும். திருமணமான பெண்கள் வெட்கப்படாமல் குழந்தைத் திட்டத்தை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஹைட்ராக்சி குளோரோகுவினைக் கர்ப்ப காலத்திலும் மருத்துவர் மேற்பார்வையில் தொடரலாம்.

ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை, துஆவும் கேட்போம். ஆனால் கருஞ்சீரக எண்ணெயைத் தடவிக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்தால் அதற்குள் தழும்பு விழுந்துவிடும். பல ஆண்டுப் பழைய தழும்பில், குறிப்பாக உதட்டில், ஆறாத புண்ணோ திடீர்த் தடிப்போ வந்தால் அதே வாரம் காட்டுங்கள். அத்தகைய இடத்தில் அரிதாகத் தோல் புற்றுநோய் வருவது உண்டு.