கணவருக்கு இன்கிரிமென்ட், மனைவிக்கு ஆபரேஷன்

மத்திய அரசில் வேலை பார்த்துத் தில்லியிலேயே நரை கண்ட நம்மவர்களுக்குச் 'சிறு குடும்ப இன்கிரிமென்ட்' என்றால் விளக்கம் தேவையில்லை. இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். அளவான குழந்தைகளோடு நிறுத்திக்கொண்டு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ளும் ஊழியருக்குச் சிறப்பு இன்கிரிமென்ட் ஒன்று தரலாம் என்று 1979 டிசம்பரில் நிதி அமைச்சகம் உத்தரவிட்டது. ஓய்வு பெறும்வரை மாதாமாதம் சம்பளத்தோடு வரும். பின்னால் அது அலவன்ஸ் என்று பெயர் மாறி, ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017 ஜூலையோடு நின்றுபோனது.

அந்த உத்தரவில் ஒரு சலுகை உண்டு. ஆபரேஷனை ஊழியரே செய்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அவருடைய மனைவியோ கணவரோ செய்துகொண்டாலும் போதும். நான் பல ஆண்டுகள் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தவள். இந்த விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். ஆண் ஊழியர்களின் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் சான்றிதழைப் புரட்டினால், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர, மற்றதெல்லாம் மனைவியின் பெயரில்தான் இருக்கும். "மேடம், பணம் என் சம்பளத்தில்தானே சேரும்?" என்று ஒரு இளைஞர் கவலையோடு கேட்டார். சேரும், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தையல் பிரித்தாயிற்றா என்று கேட்க நினைத்தேன். அலுவலகத்தில் அதையெல்லாம் கேட்க முடியாது.

இது ஏதோ ஒரு அலுவலகத்துக் கதையல்ல. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மணமாகிக் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 1000-க்கு மூன்று. படிப்பிலும் மருத்துவ வசதியிலும் முன்னால் நிற்பதாக நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டில் மட்டும் வேறு மாதிரியா என்றால், இல்லை. அங்கே பெண்களின் பங்கு பாதிக்கும் மேல். ஆண்களின் பங்கு தேடித்தான் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் இரண்டு ஆபரேஷன்களில் எளியது ஆண்களுடையது. பெண்ணின் கருக்குழாய் வயிற்றுக்குள்ளே ஆழத்தில் இருக்கிறது. அதைக் கட்ட வேண்டுமானால் வயிற்றைத் திறக்க வேண்டும். அல்லது துளையிட்டுக் காற்றைச் செலுத்தி லாப்ராஸ்கோப் குழாயை நுழைக்க வேண்டும். குடலும் ரத்தக்குழாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆணுக்கோ விந்துக் குழாய் தோலுக்குச் சற்றுக் கீழேதான். சீனாவின் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் 1974-இல் உருவாக்கிய கத்தியில்லா முறை 1990-களில் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, தோலில் சிறு துளை போட்டு, குழாயை வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். தையல்கூட வேண்டாம். அரை மணியில் வேலை முடிந்து, அன்றே வீட்டுக்குப் போகலாம். அரசாங்கமே இதை அறியும்: நான் வேலையில் இருந்தபோது கடைசியாக இருந்த விதிப்படி, இந்த ஆபரேஷனுக்கு ஆண் ஊழியருக்குச் சிறப்பு விடுப்பு 5 நாள், பெண் ஊழியருக்கு 10 நாள்.

"இடுப்பு விட்டுப்போகும், கனம் தூக்க முடியாது, ஆண்மை குறையும்" என்ற பேச்சு வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. ஆண்மைக்கான ஹார்மோன் விரையில் சுரந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. வெட்டிய குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் குழாய் வழியாக வருவது விந்தணு. அது விந்துத் திரவத்தில் மிகச் சிறிய பங்கு. ஆகவே உறவிலும் மாற்றம் தெரியாது. கனம் தூக்க முடியாது என்று கவலைப்படும் வீட்டில், வயிற்றில் தையலோடு வந்தவள் பத்தாம் நாள் தண்ணீர் வாளியைத் தூக்குவதை யாரும் கனமாக நினைப்பதில்லை.

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே ஏற்ற நாடு நம்முடையது. 1960-களில் ஆபரேஷன் என்றாலே பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் ஒரே மாதத்தில் 60,000-க்கு மேற்பட்ட ஆண்கள் முகாமுக்கு வந்தார்கள். அப்புறம் வந்தது நெருக்கடி நிலை. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்து, கொண்டுவராதவர்களின் சம்பளத்தை நிறுத்திய காலம் தில்லியின் மூத்த குடும்பங்களுக்கு நினைவிருக்கும். 1976-77-இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள். அவற்றில் சுமார் 60 லட்சம் ஆண்களுக்கு. 1977 மார்ச் தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு மொத்த எண்ணிக்கையே 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. துறையின் பெயர்கூடக் 'குடும்ப நலம்' என்று மாறியது. ஆனால் இலக்கு ஒழியவில்லை, ஆள்தான் மாறியது. ஆணைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்று கண்டுகொண்ட நிர்வாகம் பெண்களின் பக்கம் திரும்பியது. பெண்ணைத் தொட்டதற்காக எந்த ஆட்சியும் கவிழ்ந்ததாகத் தெரியவில்லை.

அதன் கொடுமையான விளைவை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் பார்த்தோம். பயன்படுத்தாமல் பூட்டிக் கிடந்த ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன். அந்த நாட்களில் அங்கு நடந்த முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேர் இறந்தார்கள். எல்லோரும் ஏழைகள், இளம் தாய்மார்கள். 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட், இப்படி முகாம் போட்டு ஆபரேஷன் செய்வதை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது.

1950-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தை என்றிருந்த நாடு, இன்று இரண்டு என்று வந்து நிற்கிறது. ஐந்தாண்டுத் திட்டங்களின் சாதனையாக மேடைகளில் இதைச் சொல்கிறோம். அந்தச் சாதனையின் வலியை யார் உடம்பு தாங்கியது என்று சேர்த்துச் சொல்வதில்லை. அதே கணக்கெடுப்பில், கருத்தடை பெண்களின் வேலை, ஆண் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் 100-க்கு 35 பேர்.

நம் போன்ற வெளியூர்க் குடும்பங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிரசவத்துக்குப் பெண் ஊருக்குப் போகிறாள். கணவர் இங்கே க்வார்ட்டர்ஸில். இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு, "பிரசவத்தோடு பிரசவமாக முடித்துவிடலாமே" என்று டாக்டர் கேட்கிறார், அம்மாவும் மாமியாரும் தலையாட்டுகிறார்கள். அன்றைக்கு டிரங்க் கால், இன்றைக்குச் செல்போன். இரண்டிலும் கணவர் சொல்லும் பதில் "உங்கள் சௌகரியம்போல் செய்யுங்கள்" என்பதே. உண்மையில் சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வலியில் படுத்திருப்பவளிடம் கேட்கும் கேள்வி அல்ல அது. ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவதற்கு முன்பே, இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

பேச உட்காருபவர்களுக்குச் சில விவரங்கள். ஆணுக்கான ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. மணமானவராக, 60 வயதுக்கு உட்பட்டவராக, ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது உள்ளவராக இருக்க வேண்டும். துணையின் கையெழுத்து, ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி, கட்டாயமில்லை. இதை நிரந்தரமானது என்று நினைத்தே முடிவு செய்ய வேண்டும்; குழாயை மறுபடி இணைப்பது எப்போதும் பலிப்பதில்லை. ஆபரேஷன் ஆன அன்றே பலன் வந்துவிடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குழாயில் தங்கியிருக்கும் விந்தணு தீரும்வரை, மூன்று மாதம், ஆணுறை போன்ற வேறு தடுப்பு வேண்டும். அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான கருத்தடை இருவாரம் நடக்கிறது. அப்போது ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஆள் வைத்து விளக்குவார்கள், தனியாகப் போய்க் கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு அது நல்ல சமயம்.