நீலத் தூள்

குப்பைக்குள் உலோகம் – 9

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் ஷேவிங் மெஷின் ஓடும்போது கத்தி உருளைக்கு அடியில் வெளிர்நீலத் தூள் குவியும். ஈரம் காயாமல், பஞ்சு போலிருக்கும். தோலை ஒரே கனத்துக்குக் கொண்டுவரச் சீவியெடுத்த மிச்சம் அது. அந்த நீலம் குரோமியத்தின் நிறம். அந்த நிலையிலுள்ள தோலையே ‘வெட் ப்ளூ’ என்றுதான் சொல்வார்கள். ஒரு டன் உப்புத்தோல் உள்ளே போனால், முடிந்த தோலாகக் கைக்கு வருவது சுமார் 200 கிலோ. ஏறக்குறைய அதே அளவு, குரோமியம் ஏறிய கழிவாக வெளியே போகிறது.

முலாம் பட்டறைக் கழிவுநீரில் நிக்கலைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். உலோகம் குடித்து நிறைந்த பாலிமரை என்ன செய்வது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். அதே கேள்வி வட ஆற்காட்டில் டன் கணக்கில் கிடக்கிறது. தோலுக்கு உடம்பாக இருக்கும் கொலாஜனும் ஒரு பாலிமர்தான், விலங்கின் உடல் நெய்த பாலிமர்.

பச்சைத்தோலை வெந்நீரில் போட்டால் 65 டிகிரிக்குள் சுருங்கிவிடும். குரோம் ஏற்றிய தோல் கொதிநீரையும் தாங்கும். கொலாஜன் இழைகளில் வரிசையாக நிற்கும் அமிலக் கைகளைக் குரோமியம் பற்றிக்கொண்டு, ஓர் இழையை அடுத்த இழையோடு கட்டிப்போடுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்த வேலை ஒரு நாளில் முடிகிறது. ஆனால் அந்தக் கட்டு எளிதில் அவிழாது. அதனால்தான் இந்தத் தூளை அப்படியே உரமாகவும் போட முடியவில்லை, தீவனமாகவும் தர முடியவில்லை. கொஞ்சம் செருப்பு அட்டைக்குப் போகிறது, மீதி குவிகிறது.

பேட்டரிக்கு மின்முனை செய்யும் வேதியியலாளரின் கண்ணால் இந்தக் குவியலைப் பார்க்க வேண்டும். அவருக்குத் தேவை மூன்று: மின்சாரம் கடத்தும் கரி, அந்தக் கரிக்குள் கொஞ்சம் நைட்ரஜன், கட்டிதட்டாமல் சீராகப் பரவிய உலோக ஆக்சைடு. ஆய்வகத்தில் இவற்றை ஒன்றுசேர்க்கப் பாடாய்ப் படுகிறார்கள். கொலாஜனின் உலர்ந்த எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். குரோமியமோ இழைக்கு இழை பரவி நிற்கிறது. கடினமான பாதி வேலையைத் தோல் தொழிலாளி தன்னையறியாமல் முடித்துக் கொடுத்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மீதிப் பாதி, சூளையில். நைட்ரஜன் வாயு ஓடும் மூடிய உலையில் 600, 700 டிகிரிக்குச் சூடேற்றினால் கொலாஜன் கரியாகும். குரோமியம் நுண்ணிய ஆக்சைடு துகள்களாகக் கரிக்குள்ளேயே உட்காரும். லித்தியம் பேட்டரியில் கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி வரை தாங்கும். குரோமியம் ஆக்சைடுக்குக் கணக்குப்படி 1058. ஆனால் தனியாக விட்டால் அந்த ஆக்சைடு ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் ஊதி, இறங்கும்போது சுருங்கி, சீக்கிரமே நொறுங்கும். சுற்றியுள்ள கரி அதை அணைத்துப் பிடிக்கிறது. சூப்பர் கெப்பாசிட்டருக்கென்றால் கரியில் இன்னும் நுண்துளைகள் வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சேர்த்துச் சுட்டு அவற்றைத் திறப்பார்கள். குரோமியம் ஏறாத தோல் கழிவிலிருந்து பேட்டரிக்கான நானோ கரியைச் சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012லேயே செய்து காட்டினார்கள்.

சூளையில் காற்று புகுந்தால் கதையே மாறிவிடும். தோலிலுள்ளது மூன்றாம் நிலைக் குரோமியம், அவ்வளவு கேடில்லாதது. காரமும் காற்றும் வெப்பமும் சேர்ந்தால் அது ஆறாம் நிலைக்குத் தாவும். அது நீரில் கரையும், புற்றுநோய் தரும். குரோமைட் தாதுவைச் சோடியம் கார்பனேட்டோடு காற்றில் வறுத்துக் குரோமேட் எடுப்பதே இந்த வழியில்தான். ராணிப்பேட்டையில் அப்படி இயங்கிய ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து மழைக்கு மழை மஞ்சள் நீர் ஊறியது. டேனரிக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் எழுதிவைத்திருக்கிறது. அந்த மண்ணில் இன்னொரு சூளை மூட்டுகிறவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். தூளைத் திறந்தவெளியில் கொளுத்துவது குற்றம் என்றே நான் சொல்வேன். மூடிய உலையிலும் கொலாஜன் வெந்தால் அமோனியாவும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். அந்த வாயுவைப் பிடித்து எரித்து அடக்க ஏற்பாடு வேண்டும்.

எனவே, இந்தத் துறையில் யாராவது புது மின்முனை என்று சொன்னால், எத்தனை ஆயிரம் முறை சார்ஜ் ஏறியது என்பதை நான் பிறகுதான் பார்ப்பேன். முதலில் குரோமியக் கணக்கு. தூளோடு எத்தனை கிராம் உள்ளே போனது, கரியில் எத்தனை நின்றது, காரத்தைக் கழுவிய நீரில் எத்தனை, அதில் ஆறாம் நிலை எத்தனை. நான்கு எண்களும் வேண்டும். பேட்டரி செத்த பிறகு அந்தக் குரோமியத்தை யார் திரும்ப வாங்கிக்கொள்வார் என்பது ஐந்தாவது கேள்வி; பழைய பேட்டரிகள் போய்ச் சேரும் இடங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)