காத்திருக்க முடிந்த குடும்பங்கள்

குடும்பச் செல்வம் உயர்கல்வியின் வாயிலை எவ்வாறு அகலமாகவோ குறுகலாகவோ ஆக்குகிறது என்பதைக் கல்விக் கட்டணத்தை மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கை தக்க சான்றாகும். பெற்றோரின் பொருளாதாரப் படியிலிருந்து பிள்ளைகள் மேலேறுவதையோ கீழிறங்குவதையோ சமூக நகர்வு என்பர். மருத்துவப் படிப்பு அத்தகைய ஏற்றத்தை ஒரே தலைமுறையில் தரவல்லது.

நுழைவுத் தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மாநில ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்பட்டு வந்த நிலை, 2017இல் நீட் என்னும் தேசிய அளவிலான மருத்துவ நுழைவுத் தேர்வு கட்டாயமானதும் மாறியது. அதன் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, தமிழ்வழி மாணவர்களின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டளவுக்குச் சுருங்கியதைக் காட்டியது. இது பரவலாகப் பேசப்பட்டது. அதே அறிக்கையின் இன்னொரு தரவு இதனினும் ஆழ்ந்த கவனத்துக்குரியது: முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்து மறுபடி முயன்று இடம் பெற்றோர் 2016-17இல் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்து, 2020-21இல் 71 விழுக்காடாயினர்.

எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு நீட் தேர்வில் வரம்பில்லை. ஆயினும் மறுபடி எழுதும் ஓராண்டு என்பது பயிற்சி மையக் கட்டணம், விடுதிச் செலவு ஆகியவற்றோடு, பதினெட்டு வயதுப் பிள்ளை ஈட்டக்கூடிய கூலியையும் குடும்பம் இழந்து நிற்கும் ஆண்டாகும். மாதச் சம்பளமும் சேமிப்பும் உள்ள வீடு தோல்வியைத் தாமதமாகக் கருதிக் காத்திருக்கும். அன்றாடக் கூலியில் வாழும் வீட்டிலோ, குறிப்பாகப் பெண்பிள்ளைக்கு, முதல் முயற்சியே இறுதி முயற்சியாகிவிடுகிறது. ஒரே அளவு திறமையுள்ள இருவரைப் பிரிப்பது இந்தக் கால அவகாசமே.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கென 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு மிகச் சிறந்த நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட இயலாமல் சிலர் அதைக் கைவிட நேர்ந்ததால், அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் புதிதாக எழுதுவோரும் மறுபடி எழுதுவோரும் ஒரே தரவரிசையில்தான் நிற்கின்றனர். அரசின் கட்டண உதவி சேர்க்கைக்குப் பின்னரே தொடங்குவதால், அதற்கு முந்தைய காத்திருப்பு ஆண்டின் சுமை பெரும்பாலும் குடும்பத்தின் மீதே விழுகிறது.