பல் டாக்டராக எந்தப் பாடம்?

சீத்தா கேம்ப்பில் பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தவுடன் படிவம் நிரப்ப என்னிடம் வரும் பெற்றோரில் சிலர் தவறாமல் கேட்பார்கள்: "சார், பொண்ணு பல் டாக்டராகணும்ங்கிறா. அதுக்கு முன்னாடி பி.எஸ்சி.யில என்ன பாடம் எடுக்கணும்?" அமெரிக்காவில் உறவினர் உள்ள வீடுகளில்தான் இந்தக் கேள்வி அதிகம்.

அங்கே முறை வேறு. பள்ளி முடித்தவர்கள் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டம் பெற்ற பிறகே பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் படித்திருக்க வேண்டும், 'டாட்' தேர்வும் எழுத வேண்டும். யோசிக்க அவகாசம் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு அந்த அவகாசம் இல்லை. இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராக பி.டி.எஸ்.தான், நான்காண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. பி.எஸ்சி. தேவையில்லை. ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் படிவமே.

அதில் உயிரியலை விட்டுவிடாதீர்கள். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. நண்பர்களைப் பார்த்து கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தால் உயிரியல் கைவிட்டுப் போகலாம். பிள்ளைக்குச் சுமக்க முடியுமானால் கணிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எஞ்சினியரிங் கதவும் திறந்திருக்கும்.

பாடத்தைப் போலவே முக்கியமானது, எங்கே படிப்பது என்பது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. 85 சதவீதம் மாநிலத்துக்கு. அந்த 85-இல் இடம் கேட்க, பொதுவாக, டொமிசைல் சான்றிதழோடு பத்தாவதும் பன்னிரண்டாவதும் மகாராஷ்டிரத்திலேயே தேறியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை, செலவு குறையுமென்று கடைசி இரண்டு வருடம் திருநெல்வேலியில் பாட்டி வீட்டில் விட்டார்கள். நன்றாகவே படித்தாள். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவள், இந்த மாநில ஒதுக்கீட்டுக்கு வெளியூர்ப் பிள்ளையாகிவிட்டாள். தமிழ்நாட்டில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஆறாம் வகுப்பு முதல் அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். இரண்டு வருடம் எந்தப் பக்கமும் உதவவில்லை.

இன்னொன்று: ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிர ஒதுக்கீட்டில் செல்லுபடியாகாது. பின்னாளில் பிழைக்க வந்த குடும்பங்கள் பொதுப் பிரிவு மதிப்பெண்ணையே குறிக்கோளாகக் கொள்வது நல்லது.

1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் நாம். ஆனாலும் மான்கூர்டில் ரயிலேறினால் சி.எஸ்.எம்.டி. அருகே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி. வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவில்லை.

இடம் கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, நுண்ணுயிரியல் எல்லாம் உயிரியல் படித்தவர்களுக்குத் திறந்த வழிகளே. பி.எஸ்சி.க்கு உரிய இடம் அதுதான். பல் மருத்துவத்துக்கு ஏறும் படியாக அல்ல.

பெற்றோர்களே, ஊருக்கு டிக்கெட் எடுக்குமுன் அந்தப் படிவத்தை ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.